சுண்டெலிக்கு ஒரு வக்காலத்து

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, பேசி முடிச்சு வேர்வையைத் துடைச்சுக்கிட்டிருக்கிற எதிரணி அண்ணன்களே, மொட்டை மாடியில இடம் பத்தாம படிக்கட்டு வரைக்கும் உக்காந்திருக்கிற சொந்தங்களே, வணக்கம்.

'மேஜிக்: தி கேதரிங்' கார்டு விளையாட்டுல 2024 ஆகஸ்ட்ல வந்த 'ப்ளூம்பரோ' தொகுப்பு. அதுல மனசை அள்ளுறது பெரிய கார்டா, பொடிக் கார்டா? இதுதான் தலைப்பு. நான் பொடிசு பக்கம். ஆளைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும்.

முன்வரிசையில ஒரு அம்மா "என்னமோ சீட்டாட்டமாம்"னு பக்கத்துல சொல்றது இங்க கேக்குது. சீட்டுதாம்மா, ஆனா காசு வைக்கிற சீட்டு இல்ல. 1993ல ரிச்சர்ட் கார்ஃபீல்டுன்னு கணக்குல டாக்டர் பட்டம் வாங்கின ஒருத்தர் உருவாக்கினது. ஆளுக்கு 60 கார்டு, ஆளுக்கு 20 உயிர். சுற்றுக்கு ஒரு நிலக் கார்டு இறக்கலாம். அந்த நிலம் குடுக்கிற 'மானா'ங்கிற மந்திர சக்தியைச் செலவழிச்சுத்தான் படையை இறக்கணும். அந்த 'சுற்றுக்கு ஒரு நிலம்'ங்கிறதை மட்டும் முந்தானையில முடிஞ்சு வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இந்த ப்ளூம்பரோவுல மனுசனே கிடையாது. சுண்டெலி, முயல், தவளை, அணில், வௌவால், நீர்நாய்னு பத்து இனம். அதுகளைப் பயமுறுத்த ஆந்தை, கரடி, பூனைன்னு மலை மாதிரி நாலஞ்சு மிருகம். அந்த மிருகங்களைத்தான் எதிரணி தூக்கிக்கிட்டு வந்திருக்கு.

மொதல்ல ஆந்தை. பேரே 'மஹா'. அடி ஆறு, தாங்குறது அஞ்சு, பறக்கும். அது மேசையில இருக்கிற வரைக்கும் எதிராளி படையில எல்லாருக்கும் தாங்குற பலம் அடிப்படையில ஒண்ணா இறங்கிரும். அண்ணன் இதைச் சொல்லும்போது கைதட்டல் மாடியைப் பேத்துருச்சு. நானும்தான் தட்டினேன். தட்டிட்டு யோசிச்சேன். என் சுண்டெலிக்குத் தாங்குற பலமே ஒண்ணுதானே! ஏற்கெனவே தரையில உக்காந்திருக்கிறவனை எங்கண்ணே தள்ளுவீங்க?

அதுவும் எப்ப வரும் இந்த மஹா? அஞ்சு மானா. சுற்றுக்கு ஒரு நிலம்னா? ஆங், அம்மா கரெக்டாச் சொல்றாங்க, அஞ்சாவது சுற்று. ஆந்தை வீட்டை விட்டுக் கிளம்புறதுக்குள்ள இங்க என்ன நடந்திருக்கும்னு சொல்றேன்.

'ஹார்ட்ஃபயர் ஹீரோ'. ஒரே ஒரு சிவப்பு மானா. அடி ஒண்ணு, தாங்குறது ஒண்ணு. கார்டுப் பொட்டலத்தைப் பிரிச்சா 'அன்காமன்'னு நடுத்தரமா உக்காந்திருக்கும், 'மிதிக்'ங்கிற அபூர்வ ரகத்தைத் தேடுற பயக தள்ளி விட்டுட்டுப் போயிருவாய்ங்க. ஆனா ஒவ்வொரு சுற்றிலும் முதல் தடவை நீங்க அந்த எலியைக் குறிவச்சு எதையாவது செஞ்சா, அதுக்கு ஒரு பலம் நிரந்தரமா ஏறும். முதல் சுற்றுல எலியை இறக்குறேன். ரெண்டாவது சுற்றுல, 2023ல வந்த தொகுப்புல இருக்கிற 'மான்ஸ்ட்ரஸ் ரேஜ்'ங்கிற ஒரு மானா மந்திரத்தை அது மேல போடுறேன். குறிவச்சதுக்கு ஒண்ணு ஏறி அடி ரெண்டு. மந்திரம் குடுக்கிற ரெண்டோட நாலு. கூடவே ஒட்டிக்கிற ராட்சச வேசத்தோட அஞ்சு. எவனாவது மறிச்சாலும் மிச்ச அடி அவனைத் தாண்டி எதிராளி உயிர்ல போய் விழும். ரெண்டு சுற்று, ரெண்டு மானா, அஞ்சு அடி!

சரி, அதைக் கொன்னுட்டாங்கன்னே வைங்க. செத்தாலும் சும்மா சாகாதுங்க. சாகும்போது எவ்வளவு பலம் இருந்துச்சோ அவ்வளவும் எதிராளி உயிர்ல இறங்கும். ஒத்தைச் சிலம்பு உடைஞ்சதுக்கு ஊரே எரிஞ்ச மதுரையில நின்னுக்கிட்டு, சின்னது என்ன செஞ்சிரும்னு கேக்குறாரே இந்த அண்ணன்!

அடுத்து என்ன சொன்னாரு? "உங்க எலியைத்தான் தடை பண்ணிட்டாங்களே"ன்னாரு. ஆமா, பண்ணினாங்க. 2025 ஜூன் 30ஆம் தேதி சமீபத்துத் தொகுப்புகளை மட்டும் வச்சு ஆடுற 'ஸ்டாண்டர்டு' போட்டிகள்ல இருந்து ஏழு கார்டைத் தூக்கினாங்க. எலியும் அதுல ஒண்ணு, அந்த மந்திரமும் ஒண்ணு. நான் கேக்குறேன், அந்தப் பட்டியல்ல ஆந்தை இருந்துச்சா? கரடி இருந்துச்சா? பூனை? பிடி மாட்டை யாருய்யா வேணாம்னு சொல்றது? பிடிபடாத மாட்டைப் பாத்துத்தான் களத்துல இருக்கிறவன் வேலியில ஏறுவான். நம்ம பாலமேட்டுல பாத்ததில்லையா? தடையெல்லாம் போட்டிக்குத்தான், இந்த மொட்டை மாடிக்கு இல்ல. போன ஞாயித்துக்கிழமை இதே எலிகிட்ட அண்ணன் மூணு ஆட்டம் தோத்தாரு. அந்த வயித்தெரிச்சல்தான் இப்ப வாதமா வருது.

கரடி லும்ராவைப் பத்தி மட்டும் நான் தப்பாப் பேச மாட்டேன், நடுவரே. உங்ககிட்ட எத்தனை நிலம் இருக்கோ அத்தனை அதுக்குப் பலம். இறங்கும்போதே கழிவுக் குவியல்ல கிடக்கிற நிலத்தையெல்லாம் மீட்டுக் கொண்டாந்துருது. அது கரடி இல்லீங்க, மிராசுதார். பிடிச்சிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ஆறு மானா. அதுக்குள்ள ஜிகர்தண்டா குடிச்சிட்டு வந்துரலாம்.

பொடிசுன்னா எலி மட்டும்னு நினைச்சிராதீங்க. 'கேரட் கேக்'குன்னு ஒரு கார்டு. 'காமன்', அதாவது பொட்டலத்துக்குப் பொட்டலம் கண்ணுல படுற ரகம். ரெண்டு மானா. மேசையில வச்சா ஒரு முயல் வரும். அப்புறம் இன்னும் ரெண்டு மானா குடுத்துச் சாப்பிட்டா மூணு உயிரும் இன்னொரு முயலும் வரும். ரெண்டு தடவையும் அடுத்து வரப்போற கார்டை எட்டிப் பாத்துக்கலாம். கறிதோசை கணக்கா அடுக்கு அடுக்கா இருக்கு. பிரமாண்டத்துல இந்த ருசி வருமா?

எனக்கு ரொம்பப் பிடிச்சதைக் கடைசியாத்தான் வச்சிருக்கேன். இந்தத் தொகுப்புல 'கிஃப்ட்'னு ஒரு முறை கொண்டாந்திருக்காங்க. எதிராளிக்கு ஒரு பரிசு குடுக்கிறேன்னு சொன்னா உங்க மந்திரம் பலமாயிரும். 'இன்டு தி ஃப்ளட் மா'ன்னு ஒரு நீல மந்திரம், ஒரே மானா. சும்மா போட்டா எதிராளியோட ஒரு மிருகத்தைத் திரும்ப அவர் கைக்கே அனுப்பும். ஒரு மீனைக் குடுத்துட்டுப் போட்டா, நிலத்தைத் தவிர அவர் மேசையில இருக்கிற எதை வேணும்னாலும் அனுப்பும். மீனும் துள்ளிக்கிட்டு வராது, உடனே மறிக்க முடியாம சாஞ்ச மேனிக்குத்தான் வரும்.

வெள்ளைக்காரன் இதை கிஃப்ட்ங்கிறான். நம்ம பக்கம் இதுக்குப் பேரு மொய். சிரிச்ச முகத்தோட வைப்போம், நோட்டுல எழுதி வைப்போம், நேரம் பாத்து வட்டியோட வாங்குவோம். அஞ்சு மானா குடுத்து அண்ணன் இறக்கின மஹாவை ஒரு மானாவும் ஒரு மீனும் வச்சு வீட்டுக்கு அனுப்பிருக்கேன். மிருகத்தை அனுப்ப மீன் தேவையில்லதான், ஆனா மொய் வைக்காம அனுப்பினா மரியாதையா? ஒண்ணை மறைக்கக் கூடாது: மஹாவைத் தொடணும்னா என் கையில இருந்து இன்னொரு கார்டையும் கீழ போடணும். போட்டேன். அண்ணன் மூஞ்சியைப் பாக்க அதுகூடச் செலவு பண்ணலைன்னா எப்படி?

மணி அடிச்சிட்டீங்க. நடுவரே, இந்தாங்க ஒரு மீன், உங்க மேசையில வைக்கிறேன். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி மொய் நோட்டுல 'பொடிசு அணி'ன்னு தெளிவா எழுதிக்கங்க. வணக்கம்.