சாட்சி வந்த நாளும் விசாரித்த நாளும்

நேயர்களுக்கு வணக்கம். நடுவர் நீதிமன்றங்களில் அரசு உதவி வழக்குரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குற்ற வழக்குகள் ஏன் இப்படி இழுக்கின்றன என்று பேச அழைத்தார்கள். நம் நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் 3 கோடிக்கும் மேற்பட்ட குற்ற வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு ஒரே ஒரு சாட்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

சாலை விபத்து வழக்கு. லாரி மோதிச் சைக்கிளில் வந்தவர் இறந்துபோனார். எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர்தான் நேரில் பார்த்தவர். முதல் சம்மனுக்கே கடையைச் சாத்திவிட்டுக் காலையிலேயே வந்து நின்றார். அன்று லாரி ஓட்டுநர் ஆஜராகவில்லை, பிடியாணை, வாய்தா. அடுத்த முறை எதிர்த்தரப்பு வழக்குரைஞர் வேறு நீதிமன்றத்தில் இருந்தார். அதற்கடுத்த முறை நடுவர் மாற்றலாகிப் போயிருந்தார். இப்படி ஆறு முறை. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பெரியவர் கூண்டருகே போவார், தேதியை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

ஏழாம் முறை கூண்டேறியபோது விபத்து நடந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. குறுக்கு விசாரணையில், லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டதும் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்த முதல் சம்மன்தான். மறந்துவிடக் கூடாதே என்று அதன் பின்பக்கத்தில் பார்த்ததையெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. "யார் எழுதிக் கொடுத்தது?" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. சொல்லிக் கொடுத்த சாட்சி என்ற வாதம் எடுபட்டு, ஓட்டுநர் விடுதலையானார். முதல் நாளே விசாரித்திருந்தால் அந்தத் தாளுக்கே வேலை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சாட்சி வந்திருந்தால் விசாரிக்காமல் ஒத்திவைக்கக் கூடாது; ஒத்திவைத்தால் சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வழக்குரைஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 309-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 346. மறுபடியும் சொல்கிறேன்: சாட்சி வந்திருந்தால் விசாரிக்க வேண்டும். பெரியவரைத் திருப்பி அனுப்பிய நாட்களில் நானும் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

காத்திருப்பது சாட்சி மட்டுமல்ல. தண்டனை பெற்றிருந்தால்கூட அத்தனை காலம் சிறையில் இருந்திருக்க மாட்டார்கள் என்னும்படி, பீகாரில் விசாரணைக் கைதிகள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில்தான், விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆய்வக அறிக்கைகள் வரத் தாமதமாவது பற்றியும் குறித்து வந்திருந்தேன்; நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நீதிபதிகள் எண்ணிக்கை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் பரிந்துரைத்தது. அதில் பாதியைக்கூட நாம் இன்னும் எட்டவில்லை.

உங்களுக்குச் சம்மன் வந்தால், போனதும் அரசு வழக்குரைஞரைப் பார்த்து, "வந்திருக்கிறேன், இன்றே விசாரியுங்கள்" என்று சொல்லுங்கள். சாட்சிக்கு வந்துபோகும் செலவுக்காகத் தரும் சாட்சிப்படியையும் கேளுங்கள். வணக்கம்.