கிராஸ்மானின் சொந்த வீடு மொழிதான்

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"ஹெர்மன் கிராஸ்மானின் பெயரை வாழவைப்பது கணிதமா, மொழியா?" இதுதான் தலைப்பு. கணிதம், மொழி இரண்டிலும் ஆய்வு செய்த ஜெர்மன் அறிஞர் அவர். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் திசையன், நேரியல் இயற்கணிதம் என்று அருமையாகப் பேசினார். கணிதத்தில் கிராஸ்மான் செய்ததை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் நண்பர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "1844இல் வந்த கணித நூலை யாரும் மதிக்கவில்லை, மனம் வெறுத்துத்தான் அவர் சமஸ்கிருதம் பக்கம் ஒதுங்கினார்." அந்த 'ஒதுங்கினார்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை ஐயா.

கிராஸ்மான் 1809இல் ஸ்டெட்டினில் பிறந்தவர். அன்றைக்குப் பிரஷ்யா, இன்றைக்குப் போலந்து. பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது இறையியலும் பழைய மொழிகளும். கணித வகுப்பில் அவர் உட்காரவே இல்லை! கணிதம் ஊர் திரும்பிய பிறகு தானாகப் படித்துக்கொண்டது. தாய்வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ஒதுங்கினார் என்று சொல்லலாமா?

1844இல் வந்த அந்தக் கணித நூலில் விற்காமல் கிடந்த சுமார் 600 பிரதிகளைப் பதிப்பாளர் 1864இல் கழிவுக் காகிதமாக்கிவிட்டார். படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1863இல், இன்றும் 'கிராஸ்மான் விதி' என்றே வழங்கும் கட்டுரை வெளிவந்துவிட்டது.

அது என்ன விதி? நாம் 'பந்தம்' என்கிறோமே, அதன் முதல் எழுத்தைப் பாருங்கள். வடமொழியில் அது 'அம்பு' என்பதில் வரும் பகரம். அப்படிப்பட்ட ஒலிக்கு நேராக, வடமொழிக்கு உறவான ஜெர்மானிய மொழிகளில் 'பல்' என்பதில் வரும் பகரம் நிற்க வேண்டும் என்பது ஜெர்மன் மொழியறிஞர் கிரிம் கண்ட விதி. ஆனால் கட்டுவதற்கு ஜெர்மன் சொல் 'பிண்டன்'. அதிலும் அம்புப் பகரம்தான்! விதி இங்கே உதைத்தது. கிராஸ்மான் விடை சொன்னார்: ஆதியில் அந்தப் பகரத்தோடு மூச்சும் சேர்ந்திருந்தது. மூச்சு சேர்ந்த பகரத்துக்கு நேராக ஜெர்மனில் அம்புப் பகரம் வருவதுதான் கிரிம் விதி. வடமொழி 'பந்த'த்தில் பின்னால் வரும் தகரமும் மூச்சு கலந்தது. மூச்சு கலந்த ஒலிகள் அடுத்தடுத்த இரண்டு அசைகளில் வந்தால், முதல் ஒலி தன் மூச்சை விட்டுவிடும். கிரேக்கத்திலும் இப்படித்தான், சமஸ்கிருதத்திலும் இப்படித்தான்.

சரி, ஆதாரம்? 'புத்தர்' என்ற பெயருக்கு வேரான, விழித்தெழுவதைக் குறிக்கும் சொல்லிலேயே இருக்கிறது. அதன் எதிர்கால வடிவம் 'போத்ஸ்யதி'. அங்கே பின்னால் இருக்கும் தகரம் மூச்சை இழக்கிறது. உடனே முன்னால் இருக்கும் பகரத்துக்கு மூச்சு திரும்பிவிடுகிறது! உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொன்னால் காற்றுப் படும். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ப', ஒரே 'த' என்பதால் எழுத்தில் இது நம் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே எனக்கு இதில் கூடுதல் வியப்பு.

அப்புறம் அந்த அகராதி. 1873 முதல் 1875 வரை லைப்சிக்கில் வெளிவந்த ரிக்வேத அகராதி. 1028 பாடல்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். ஒரு சொல்லைத் தேடினால் பொருள் மட்டும் கிடைக்காது. அந்தச் சொல் என்னென்ன வேற்றுமை உருபோடு, எந்தப் பாடலில், எத்தனையாவது செய்யுளில் வருகிறது என்று எண் எண்ணாக நிற்கும். சங்க இலக்கியச் சொல்லடைவைப் புரட்டியவர்களுக்கு இதன் உழைப்பு தெரியும். கணினி இல்லாத காலத்தில், பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, 11 பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பன் செய்த வேலை ஐயா இது! வெறுப்பில் ஒதுங்கிய மனிதனுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

டூபிங்கன் பல்கலைக்கழகம் 1876இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. எதற்காக? மொழிப்பணிக்காக. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. இன்றைய கணித மாணவர் கையில் இருப்பது கிராஸ்மான் எழுதிய நூலா? இல்லை. இத்தாலியக் கணித அறிஞர் பெயானோ போன்றவர்கள் பின்னால் எடுத்துத் தெளிவாக்கிய வடிவம். ரிக்வேதம் படிப்பவர் மேசையில் இருப்பதோ கிராஸ்மான் தன் கையால் தொகுத்த அதே அகராதி.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை மொழிக்கே தாருங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.