பக்கத்து வீட்டுச் சரக்கு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்ததே, அந்தச் சட்டம் குடிப்பதைக் குற்றம் என்று சொல்லவே இல்லை, தெரியுமா? காய்ச்சக் கூடாது, விற்கக் கூடாது, ஏற்றிச் செல்லக் கூடாது, அவ்வளவுதான். சட்டம் வருவதற்கு முன்பே வாங்கி வீட்டில் அடுக்கிவைத்தவர் நிம்மதியாகக் குடிக்கலாம். ஆக, ரகசிய பாருக்குள் நுழைகிற அதிகாரிக்குக் குடித்தவரால் பிரயோஜனம் இல்லை. சரக்கு கையில் சிக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

நியூயார்க்கில் இஸி ஐன்ஸ்டீன் என்று ஒரு மதுவிலக்கு அதிகாரி, முன்பு தபால் குமாஸ்தாவாக இருந்தவர், குட்டையாக, குண்டாக, பார்த்தால் அதிகாரி என்றே சொல்லமுடியாது. வேஷம் போட்டுக்கொண்டு போய் ஒரு கிளாஸ் வாங்குவார், குடிப்பதுபோலப் பாவனை செய்து உடுப்புக்குள் மறைத்த சின்னப் புனலில் ஊற்றிவிடுவார், அது அப்படியே உள்ளே இருக்கும் புட்டிக்குப் போய்விடும். சாட்சி தயார்! கூட்டாளி மோ ஸ்மித்தோடு சேர்ந்து அவர் கைது செய்தவர்கள் 4,932 பேர் என்று கணக்கு. அப்படிப்பட்ட அதிகாரிகள் இருவரையும் 1925-இல் வேலையை விட்டே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அது வேறு கூத்து.

பார் நடத்தியவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? மன்ஹாட்டன் 52-ஆம் தெருவில், 21-ஆம் எண் கட்டடத்தில், ஜாக் கிரைண்ட்லரும் சார்லி பெர்ன்ஸும் நடத்திய பாரில் சோதனை என்று தெரிந்ததும் அலமாரித் தட்டுகள் சரியும், புட்டிகள் எல்லாம் சரிவுக் குழாயில் விழுந்து உடைந்து சாக்கடையோடு போய்விடும்.

இதெல்லாம் காசுள்ளவர்கள் குடித்த இடம். ஏழைகள் போன இடத்தில் கிடைத்தது பெரும்பாலும் ஆலைகளுக்கான ஆல்கஹால். யாரும் குடிக்கக் கூடாது என்று அரசாங்கமே அதில் மெத்தனால் என்ற விஷத்தைக் கலக்கச் சொல்லியிருந்தது, அதைக் குடித்துப் பார்வை போனவர்களும் உண்டு, செத்தவர்களும் உண்டு. எனக்கு இதை மன்னிக்க முடியவில்லை.

சரி, 21-க்கு வருவோம். நல்ல ஒயினைச் சாக்கடையில் விட மனசு வருமா? நிலவறைச் சுவரில், செங்கல்லோடு செங்கல்லாக, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு கதவு. சின்ன ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டால்தான் திறக்கும். அதற்கு அந்தப் பக்கம் ஒயின் அறை, நகர மேயர் ஜிம்மி வாக்கருக்கென்று தனி இருக்கை வேறு. அந்த அறை இருந்தது பக்கத்து 19-ஆம் எண் வீட்டுக்குக் கீழே. அதனால் அதிகாரிகள் கேட்டால், இந்தக் கட்டடத்தில் ஒயின் அறையே இல்லை என்று பொய் கலக்காமல் சொல்லலாம்.