நேரலை சர்வரை மேம்படுத்தும் முன்: கூத்துக் களத்திலிருந்து கைப்பேசி வரை

(திரையில்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடம்.)

வணக்கம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தையும், பொங்கலையொட்டித் தொடங்கும் எருது விடும் விழாக்களையும் நேரலையில் தருகிற இளைஞர்கள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இருக்கிறார்கள். பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன ஊர்க்காரர்களே அந்த நேரலையை விடிய விடியப் பார்ப்பவர்கள். யூடியூபுக்கு மட்டும் அனுப்புவதோடு நிற்காமல், ஒரே அப்லோடை உள்ளூர் கேபிள் சேனலுக்கும் யூடியூபுக்கும் சொந்த இணையப் பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரும் அதில் நிறுவிய ஸ்ட்ரீமிங் மென்பொருளும் தேவைப்படுகின்றன. அந்த மென்பொருள்களில் அண்மை ஆண்டுகளில் சேர்ந்த வசதிகளைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

புதிய வசதி என்றவுடன் எல்லோரும் 4கே, ஏவி1 (புதிய படச்சுருக்க முறை) என்று படத்தின் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பென்னாகரம் பக்கத்து மலையோரக் கிராமத்தில், ஒரே டவரின் சிக்னலைத் திருவிழாக் கூட்டம் முழுவதும் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில், நேரலை அறுந்துபோவதற்குக் காரணம் படத்தின் தரம் அன்று. களத்திலிருந்து சர்வர் வரையிலான வழிதான் அங்கே பலவீனமானது. ஆகவே மேம்படுத்தலை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

(திரையில்: கேமரா, மடிக்கணினி, 4ஜி டாங்கிள், சர்வர். அம்புக்குறி டாங்கிளின் மேல் நிற்கிறது.)

இந்த வழியில் படத்தை அனுப்ப இன்றும் பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஆர்டிஎம்பி என்னும் நெறிமுறை, அதாவது தரவு அனுப்பும் விதிமுறை. இணையத்தில் வீடியோ பார்க்க ஃப்ளாஷ் என்னும் மென்பொருள் பயன்பட்ட காலத்தில் அது பிறந்தது. ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டபோதிலும், சர்வருக்குப் படத்தை அனுப்பும் வேலையில் ஆர்டிஎம்பி நிலைத்துவிட்டது. அது டிசிபி என்னும், எதையும் வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் முறை வழியாகச் செல்வதால், ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்த பாக்கெட்டுகள் அனைத்தும் காத்திருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி பழுதாகி நின்றால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்பதைப் போன்றதே இது. காத்திருப்பு நீளும்போது, மடிக்கணினியிலிருந்து நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள் தானாகவே ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) கைவிடத் தொடங்கும். மென்பொருளின் அடிப்பட்டையில் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மாற்றாக வந்தது எஸ்ஆர்டி. ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி, 2017-இல் திறந்த மூலமாக வெளியிட்ட நெறிமுறை இது. வரிசைக்காகக் காத்திராத யுடிபி முறை வழியாகச் செல்லும் இதில், எந்தப் பாக்கெட் வரவில்லை என்பதைப் பெறுபவரே அனுப்புநருக்குத் தெரிவிப்பார். அது மட்டும் மறுபடி அனுப்பப்படும். நாம் வகுத்த கால அவகாசத்துக்குள் அது வந்து சேராவிட்டால், அதை விட்டுவிட்டு நேரலை தொடரும். இந்த அவகாசத்துக்கு லேட்டன்சி என்று பெயர். நெறிமுறையின் இயல்பு மதிப்பு 120 மில்லிவிநாடி. நல்ல ஃபைபர் இணைப்புக்கு அது போதும். கிராமத்து 4ஜிக்குப் போதாது. 1 முதல் 2 விநாடி வரை கொடுப்பது நல்லது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓபிஎஸ்ஸில் எஸ்ஆர்டி முகவரியோடு சேர்த்து எழுதும் லேட்டன்சி மதிப்பு, மில்லிவிநாடியில் அன்று, மைக்ரோவிநாடியில் கணக்கிடப்படுகிறது. 2 விநாடி வேண்டுமென்றால் 20,00,000 என்று காற்புள்ளி இல்லாமல் எழுத வேண்டும். 2000 என்று எழுதினால் நாம் கேட்பது வெறும் 2 மில்லிவிநாடி அவகாசம். பிறகு எஸ்ஆர்டி சரியில்லை என்று அதன்மேல் பழி போடுவோம். அதேபோல், சர்வரின் ஃபயர்வாலில் (பாதுகாப்புத் தடுப்பில்) எஸ்ஆர்டிக்கான போர்ட்டை, அதாவது இணைப்பு வாயில் எண்ணை, யுடிபிக்குத் திறந்திருக்க வேண்டும். சர்வரில் நிறுவும் ஸ்ட்ரீமிங் மென்பொருள்களில் ஒன்றான மீடியாஎம்டிஎக்ஸில் அது 8890. டிசிபிக்கு மட்டும் திறந்துவிட்டு, இணைப்பு ஏன் வரவில்லை என்று தேடுவது இந்த வேலையில் வாடிக்கை.

சிக்னலே இல்லாத இடத்தில் எஸ்ஆர்டி அதை உண்டாக்கித் தராது. மறுபடி அனுப்பும் பாக்கெட்டுகளுக்கும் இடம் வேண்டும். அதற்கென இயல்பாக 25 விழுக்காடு கூடுதல் இணைப்புத் திறனை அது எடுத்துக்கொள்ளலாம். களத்தில் அப்லோடு வேகம் விநாடிக்கு 3 மெகாபிட் என்று தெரிந்தால், அது மாலை நேரத்து அளவா, கூட்டம் சேர்ந்த இரவு 11 மணி அளவா என்று பார்த்துக்கொண்டு, என்கோடரை (படத்தைச் சுருக்கும் பகுதியை) 1,500 கிலோபிட் அளவில் நிறுத்துவதே விவேகம்.

(திரையில்: ஓடுபாதை. ஒரு பக்கம் களம், மறுபக்கம் கைப்பேசித் திரை. இரண்டுக்கும் இடையில் கடிகாரம்.)

அடுத்தது, சர்வரிலிருந்து பார்வையாளர் வரை. எருது விடும் விழாவில் காளை எல்லையைத் தொட்டுவிட்டது என்று களத்தில் நிற்கும் தம்பி போனில் சொல்லிவிடுகிறான். ஓசூரில் நேரலை பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனின் திரையிலோ காளை இன்னும் வாடியை விட்டே கிளம்பவில்லை. இதற்குக் காரணம் 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை. படத்தை 6 விநாடித் துண்டுகளாக வெட்டி, மூன்று துண்டுகளையாவது கையில் வைத்துக்கொண்டுதான் பிளேயர் ஓடத் தொடங்கும். அதிலேயே 18 விநாடி போய்விடும். என்கோடிங்கும் பயண நேரமும் சேர்ந்தால் 20 முதல் 30 விநாடி ஆகிவிடும்.

2019-இல் ஆப்பிள் அறிவித்த குறைந்த தாமத எச்எல்எஸ், ஒவ்வொரு துண்டையும் ஒரு விநாடிக்கும் குறைவான சிறு பகுதிகளாகப் பிரித்து, துண்டு முழுமையாகும் முன்பே அனுப்புகிறது. பிளேயர் அடுத்த பகுதியைக் கேட்கும்போது, அது இன்னும் தயாராகவில்லை என்று சர்வர் திருப்பி அனுப்பாமல், கேள்வியைக் கையில் வைத்திருந்து, தயாரானதும் விடை தருகிறது. இதனால் தாமதம் சில விநாடிகளாகக் குறைகிறது. மீடியாஎம்டிஎக்ஸ், ஓவன்மீடியாஎன்ஜின் ஆகிய இரு ஸ்ட்ரீமிங் மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு. ஐபோன்களில் இது இயங்க எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) சான்றிதழ் கட்டாயம். பாரதக் கூத்துக்கு இது தேவையா என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். கட்டியங்காரனின் பேச்சை அரை நிமிடம் கழித்துக் கேட்டாலும் சிரிப்பு குறையாது. அங்கே தாமதத்தைவிடத் தடங்கலின்மையே முக்கியம், அதற்குப் பழைய எச்எல்எஸ்ஸின் நீண்ட பஃபரே (முன்சேமிப்பே) துணை.

அரை விநாடிக்குள் படம் சேர வேண்டுமென்றால், உலாவியில் வீடியோ அழைப்புக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி இருக்கிறது. அதற்குப் படம் அனுப்பும் விப் முறை 2025 மார்ச்சில் ஆர்எஃப்சி 9725 என்னும் இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. ஓபிஎஸ் 30-ஆம் பதிப்பிலேயே அது சேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பார்வையாளருக்கும் சர்வர் தனி இணைப்பைத் தாங்க வேண்டியிருப்பதால், ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் திருவிழாவுக்குச் சிறிய சர்வரில் இது தாங்காது.

படத்தின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாக: எச்இவிசி, ஏவி1 என்னும் புதிய படச்சுருக்க முறைகளில் படம் அனுப்ப, 2023-இல் வந்த மேம்பட்ட ஆர்டிஎம்பி வழிசெய்கிறது. பார்வையாளர்களின் பழைய கைப்பேசிகளை நினைத்தால் எச்.264 என்னும் பழைய சுருக்க முறையை இப்போதைக்கு விட வேண்டாம்.

செலவுக் கணக்கு இன்னும் முக்கியம். 2,500 கிலோபிட்டில் ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 1.1 ஜிபி செலவாகும். 100 பேர் 8 மணி நேரக் கூத்தை முழுவதும் பார்த்தால் 900 ஜிபி. 800 கிலோபிட்டில் அதே நேரலையின் சிறிய அளவுப் படமும் சேர்த்துக் கொடுத்து, எல்லோரும் அதையே பார்த்தால் 288 ஜிபியில் முடிந்துவிடும். அந்தச் சிறிய படத்தை உருவாக்கும் வேலையை ஓவன்மீடியாஎன்ஜின் தானே செய்யும். மீடியாஎம்டிஎக்ஸ் செய்யாது, அதனுடன் எஃப்எஃப்எம்பெக் என்னும் படமாற்று மென்பொருளை ஓடவிட வேண்டும்.

மென்பொருளை நிறுவியதும் இரண்டு அமைப்புகளைத் திறந்து பாருங்கள். மீடியாஎம்டிஎக்ஸின் இயல்பு அமைப்பில் கடவுச்சொல் இல்லாமலே யாரும் படம் அனுப்பலாம். முகவரி தெரிந்த எவரும் உங்கள் சேனலில் தம் வீடியோவை ஏற்றிவிட முடியும் என்பதால், அனுப்புவதற்கான உரிமையைப் பெயர், கடவுச்சொல்லோடு பூட்டுங்கள். மற்றொன்று பதிவு. நேரலையைச் சர்வரிலேயே பதிந்து வைக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் பதிந்த கோப்புகளை ஒரு நாள் கழிந்ததும் அது தானாக அழித்துவிடும். படுகளம் வரை முழுக் கூத்தும் வேண்டுமென்றால், அழிக்கும் கால அளவைத் திருவிழா தொடங்கும் முன்பே பூஜ்ஜியமாக மாற்றிவிட்டு, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.