கேட்கும்போது நழுவும் ஆங்கிலம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரிடம் மாணவர்கள் வந்து சொல்லும் குறைகளில் ஒன்று ஆண்டுதோறும் மாறாமல் வருகிறது. "படித்தால் புரிகிறது ஐயா, எழுதவும் வருகிறது. அவர்கள் பேசும்போதுதான் ஒன்றும் பிடிபடவில்லை. வேகமாகப் பேசிவிடுகிறார்கள்." பிரிட்டனில் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணும் இதையே சொல்கிறார். சென்னையில் இருந்தபடி அமெரிக்க வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேச வேண்டிய இளைஞரும் இதையே சொல்கிறார். இவர்கள் வேகத்தின் மீது போடும் பழியில் ஓரளவுதான் உண்மை இருக்கிறது. எழுத்தில் தனித்தனியாக நிற்கும் ஆங்கிலச் சொற்கள் பேச்சில் ஒன்றையொன்று தொட்டவுடன் உருமாறிவிடுகின்றன என்பதுதான் பெரிய காரணம். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். அதனால் உருமாறிய சொல் காதில் விழும்போது அது நமக்குத் தெரிந்த சொல்தான் என்பதே தெரியாமல் போகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் மாணவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பள்ளியில் புணர்ச்சி படித்திருக்கிறோம். பூ, கொடி இரண்டும் சேர்ந்தால் பூங்கொடி, அது தோன்றல். பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம், அது திரிதல். மரம், வேர் சேர்ந்தால் மரவேர்; அது கெடுதல். இந்த மூன்றும் ஆங்கிலப் பேச்சில் நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கின்றன. நாம் மாற்றத்தை எழுதியும் காட்டிவிடுகிறோம், அவர்கள் எழுதுவதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

'நெக்ஸ்ட் டே' என்று எழுதுவார்கள். பேசும்போது நடுவிலுள்ள டகர ஒலி கெட்டு 'நெக்ஸ் டே' என்று வரும். 'டென் பவுண்ட்ஸ்' என்பதில் பகரத்துக்கு முன்னால் நிற்கும் னகரம் திரிந்து 'டெம் பவுண்ட்ஸ்' ஆகும். 'டிட் யூ' என்பது 'டிஜூ' ஆகும். 'லா அண்ட் ஆர்டர்' என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் பலர் சொல்லும்போது எழுத்தில் இல்லாத ஒரு ரகரம் நடுவில் தோன்றி 'லாரண்ட் ஆர்டர்' என்று கேட்கும். இவற்றைவிட எனக்கு வியப்பூட்டுவது, இரண்டு உயிரொலிகளை இணைக்க நடுவில் தோன்றும் உடம்படுமெய். மணி அடித்தான் என்பதை மணியடித்தான் என்கிறோம். பூ அழகு என்பதைப் பூவழகு என்கிறோம். ஆங்கிலேயரும் 'சீ இட்' என்பதை 'சீயிட்' என்றும், 'கோ ஆன்' என்பதைக் 'கோவான்' என்றும்தான் சொல்கிறார்கள். இகர, ஈகாரத்துக்குப் பின் யகரம், உகர, ஓகாரத்துக்குப் பின் வகரம். நம் பள்ளி இலக்கணம் சொல்லும் அதே ஒழுங்கு. ஆங்கில வகுப்பில் இதைச் சொல்லித் தருவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலான வகுப்புகளில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அடுத்தது ஒலி குறுகுதல். குற்றியலுகரம் அரை மாத்திரைதான் ஒலிக்கும் என்று படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத எந்த உயிரும் இப்படிக் குறுகிவிடக்கூடும். பொருள் சுமக்கும் சொற்கள் அழுத்தம் பெறும். 'ஆஃப்', 'டு', 'ஃபார்', 'அண்ட்' போன்ற சிறு சொற்கள் நசுங்கிப்போகும். 'கப் ஆஃப் டீ' என்பதில் நடுச்சொல் கரைந்து 'கப்ப டீ' என்று வரும். நாமோ எல்லா அசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்து ஆங்கிலம் பேசுகிறோம். நம் ஊர் ஆசிரியரின் ஆங்கிலம் எளிதாகப் புரிவதும், லண்டன்காரரின் ஆங்கிலம் நழுவுவதும் இதனால்தான்.

இதில் ஆபத்தான ஓர் இடம் இருக்கிறது. 'ஐ கேன் கம்' என்றால் என்னால் வர இயலும் என்று பொருள். 'ஐ கான்ட் கம்' என்றால் வர இயலாது. நம் மாணவர்கள் இறுதியில் வரும் டகரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். பேச்சில் அந்த ஒலி பெரும்பாலும் தெளிவாக வருவதே இல்லை. உயிரொலியைத்தான் கவனிக்க வேண்டும். வர முடியும் என்று சொல்லும்போது அந்தச் சொல் 'க்ன்' என்று நசுங்கிவிடும். முடியாது என்று சொல்லும்போது உயிரொலி முழுதாக, அழுத்தத்தோடு வரும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் அப்படித்தான். பதினைந்தைச் சொல்லும்போது பின்பகுதி நீண்டு அழுத்தம் பெறும். ஐம்பதில் அழுத்தம் முன்னால் விழும். மருந்தின் அளவைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளும் செவிலியருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஆங்கிலத் தொலைக்காட்சியை மணிக்கணக்காக ஓடவிட்டால் காது தானே பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புரியாத ஒலி எத்தனை மணி நேரம் ஓடினாலும் புரியாத ஒலியாகவே இருக்கும். அரை நிமிட ஒலிப்பதிவு ஒன்றைத் தோண்டித் துருவிக் கேட்பது அதைவிடப் பயன் தரும். எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும் பதிவாக அது இருக்க வேண்டும். பிபிசி 1943ஆம் ஆண்டில் வானொலி வழியே ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது; அதன் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சிக்கு எழுத்து வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். அதன்பின் மூலத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன ஒவ்வோர் இடத்திலும் ஏன் விட்டோம் என்று பாருங்கள். தெரியாத சொல்லாக இருந்தால் அகராதி போதும். எழுத்தில் பார்த்தவுடன் "அட, இதுவா?" என்று தோன்றினால், அதுதான் உங்களுக்குப் புதையல். அங்கே என்ன கெட்டது, என்ன திரிந்தது என்று கண்டுபிடித்து, பேசுபவரோடு சேர்ந்து அதே மாதிரி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாய்க்குப் பழகிய இணைப்பு காதுக்கு எளிதில் சிக்கும்.

திரையின் கீழே ஓடும் எழுத்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எழுத்து ஓடும்போது கண் வேலை செய்கிறது, காது ஓய்வெடுக்கிறது. முதல்முறை அவை இல்லாமல் பாருங்கள். சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் பேசும் நிகழ்ச்சிகளும் உண்டு. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959ஆம் ஆண்டில், சுமார் 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசிக்கும் சேவையைத் தொடங்கியது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட பதிவுகள் நல்ல துணை. ஆனால் மெதுவாக வாசிக்கும்போது சொற்கள் விலகி நிற்கும். நான் சொன்ன புணர்ச்சி குறைந்துவிடும். எனவே அதிலேயே தங்கிவிட வேண்டாம். இயல்பாகப் பேசிய பதிவைக் கைப்பேசியில் வேகம் குறைத்துக் கேட்டால் இணைப்புகள் கலையாமல் இருக்கும். இடைநிலையில் இருப்பவர்களுக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

வானொலி நேயர்களான உங்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று கையிலேயே இருக்கிறது. தமிழ்ச் செய்தியைக் கேட்டுவிட்டு, அதே நாளின் ஆங்கிலச் செய்தியைக் கேளுங்கள். என்ன நடந்தது என்பது முன்பே தெரிந்துவிட்டதால், எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் மட்டும் காதைச் செலுத்தலாம். கிரிக்கெட் வர்ணனை கேட்டே ஆங்கிலத்துக்குக் காது பழகியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஆட்டத்தின் போக்கு தெரியும், சொற்களும் திரும்பத் திரும்ப வரும்.

வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்குச் செல்லவும் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதுவோருக்கு ஒரு சொல். கேட்டல் தேர்வில் சுமார் அரை மணி நேரப் பதிவு, 40 கேள்விகள். பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். ஒரு சொல்லைத் தவறவிட்டவர் அதையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த மூன்று விடைகளையும் இழக்கிறார். போனதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவும் பழக வேண்டும். வீட்டில் இதற்காகவே வாரம் ஒரு முறையாவது பதிவை நிறுத்தாமல் கேட்டுப் பாருங்கள்.

நேரில் பேசும்போது புரியவில்லை என்றால், 'சாரி?' என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் முழு வாக்கியத்தையும் அதே வேகத்தில், சற்று உரக்கத் திரும்பச் சொல்வார். மறுபடியும் அதே இடத்தில் நழுவும். புரிந்த பகுதியை நீங்களே திருப்பிச் சொல்லி, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள். 'த மீட்டிங் இஸ் ஆன் விச் டே?' என்று கேட்டால், அவர் கிழமையின் பெயரை மட்டும் அழுத்தி, தனியாகச் சொல்வார். பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேறு சொல் இல்லாததால், அது நீங்கள் புத்தகத்தில் படித்த உருவத்திலேயே வந்து சேரும்.

நன்றி, வணக்கம்.