கோப்பு படிக்கும் மனிதரை எப்படிப் படமாக்குவது?

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் ஒரு சாதாரண ஓட்டல். வேலையிலிருந்து அனுப்பப்பட்டுவிட்ட ஓர் உளவுத்துறை அதிகாரி பொய்ப் பெயரில் அறை எடுத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியாகப் பழைய கோப்புகளைப் படிக்கிறார். ஒரு தேதி, ஒரு கையெழுத்து, எந்தச் செய்தி யார் கைக்கு எப்போது போனது என்ற ஒரு குறிப்பு. துப்பாக்கியும் கிடையாது, கார் துரத்தலும் கிடையாது. ஜான் லெ காரே 1974இல் எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலின் உயிரே இந்த அறையில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் சோவியத் ஆள் ஒருவன் இருக்கிறான், நம் பேச்சில் சொன்னால் ஒரு கறுப்பாடு, அவன் யார் என்று அந்த அறையில் இருக்கும் அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலி கண்டுபிடிக்க வேண்டும். யார் என்று நான் சொல்லப் போவதில்லை, இன்னும் படிக்காதவர்கள் பயப்படாமல் கேட்கலாம்.

சரி, இதை எப்படிப் படமாக எடுப்பது? 1979இல் பிபிசி இதை ஏழு பகுதித் தொடராக எடுத்தது. அலெக் கின்னஸ் ஸ்மைலியாக நடித்தார். ஏழு பகுதி கிடைத்ததால் நாவலைப் போலவே அங்கும் ஆட்கள் உட்கார்ந்து பேசினார்கள், ஸ்மைலி பொறுமையாகக் கேட்டார். 2011இல் தாமஸ் ஆல்ஃப்ரெட்சன் எடுத்த படத்துக்கு இருந்ததோ இரண்டு மணி நேரமும் சில நிமிடங்களும். நாவலில் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த துண்டை நீளமாகச் சொல்ல, அதற்குள் இன்னொரு நினைவு கிளைவிட, படிக்கிற நாமும் ஸ்மைலியோடு சேர்ந்து முடிச்சு போடுவோம். அந்தப் பேச்சை எல்லாம் வைத்துக்கொள்ளப் படத்துக்கு இடமில்லை.

அதனால் அவர்கள் பேச்சை எடுத்துவிட்டுப் பார்வையை வைத்தார்கள். படம் தொடங்கிக் கால் மணி நேரம் தாண்டியும் கேரி ஓல்ட்மேனின் ஸ்மைலி வாய் திறப்பதில்லை. கேமராவும் பல இடங்களில் ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடிக்குப் பின்னால், தூரத்தில் நின்றே பார்க்கிறது, நாமே யாரையோ வேவு பார்க்கிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. காருக்குள் ஒரு தேனீ புகுந்துவிடுகிறது. கூட இருக்கிற இருவரும் கையை வீசி அடிக்கப் பார்க்கிறார்கள். ஸ்மைலி தன் பக்கத்துக் கண்ணாடியை மெல்ல இறக்குகிறார், அது வெளியே போய்விடுகிறது. அந்த மனிதரின் பொறுமையைச் சொல்ல நாவலாசிரியருக்குப் பல பக்கங்கள் வேண்டியிருந்தன, இங்கே சில நொடிகள் போதுமாயிருந்தன. நாவலின் ஸ்மைலி குள்ளமானவர், பருத்தவர், உடை பொருந்தாதவர், டையின் அகல முனையால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பவர். ஓல்ட்மேனோ ஒல்லி. ஆனால் அந்தத் தேனீயைப் பார்த்த பிறகு எனக்கு உடம்பு வித்தியாசம் உறுத்தவே இல்லை.

ஊர்களும் மாறின. நாவலில் ஹாங்காங்கில் நடப்பது தொடரில் லிஸ்பனுக்கும் படத்தில் இஸ்தான்புல்லுக்கும் போனது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிரிட்டிஷ் உளவாளி ஜிம் பிரிடோ சுடப்படும் சம்பவம் படத்தில் புடாபெஸ்ட் காபிக் கடைக்கு வருகிறது. இதெல்லாம் பெரிய குறை இல்லை. நாவலில் அந்தச் சம்பவம் யார் யாரோ சொல்லித்தான் நமக்குத் தெரியவரும், ஒவ்வொருவர் வாயிலும் கொஞ்சம் மாறி வரும், அதனாலேயே சந்தேகம் வளரும். படம் அதைத் தொடக்கத்திலேயே கண் முன்னால் காட்டிவிடுகிறது. பரிமாறுகிறவரின் வியர்வைத் துளி மேசையில் விழுவது பயங்கரமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்விப்படுவதில் இருக்கிற சந்தேகம் பார்த்துவிட்டால் பாதி போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறாக ஓர் இடம் இருக்கிறது. 1955இல் டெல்லிச் சிறையில் ஸ்மைலி தன் எதிரியான சோவியத் உளவுத்துறைக்காரன் கார்லாவைச் சந்தித்த கதை. ஸ்மைலிக்கு மனைவி பரிசாகக் கொடுத்த சிகரெட் லைட்டரைக் கார்லா எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். தொடர் இந்தச் சிறைக் காட்சியை எடுத்தே காட்டியது. படம் காட்டவில்லை. ஸ்மைலி அறையில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் வெற்று நாற்காலியைப் பார்த்துப் பேசுகிறார், அவ்வளவுதான், ஆனால் கார்லா அங்கே உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரிகிறது. கைவசம் எல்லா வசதியும் இருந்தும் காட்டாமல் விட்டார்களே, அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

துரோகியின் சாவில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாவலில் கழுத்து முறிந்து கிடக்கிறான். செய்தவர் யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நமக்குப் புரியும். நெருங்கி, தொட்டு, கையாலேயே கொன்றது அது. படத்தில் தூரத்திலிருந்து ஒரு துப்பாக்கிக் குண்டு. காட்சி அழகாக இருக்கிறது, ஆனால் கொன்றவருக்கும் செத்தவருக்கும் நடுவே இருந்த பழைய அன்பு அந்தத் தூரத்தில் கரைந்துபோகிறது.

அப்புறம் பில் ரோச். நாவல் அவனிடம்தான் தொடங்குகிறது: பள்ளிக்குப் புதிதாய் வந்த, பெற்றோர் பிரிந்துபோன குண்டுப் பையன், மழையில் வந்து சேரும் புது ஆசிரியரை, சுடப்பட்டுப் பிழைத்த அதே ஜிம்மை, முதலில் கவனிப்பவன். கவனிப்பதில் கெட்டிக்காரன் என்று ஜிம்மே அவனைப் பாராட்டுவார். பெரியவர்கள் உலகத்துத் துரோகம் முழுக்க அந்தப் பையனின் பயத்தின் வழியாக நம் மேல் விழும். படத்தில் அவன் உண்டு, ஆனால் சில நிமிடங்களுக்குத்தான். படம் முடியும்போது ஒரு பிரெஞ்சுப் பாட்டு ஒலிக்க, ஸ்மைலி தலைவரின் நாற்காலியில் வந்து அமர்கிறார். நாவலின் கடைசி வரிகளில் ஸ்மைலி இல்லை. ஜிம்மிடம் துப்பாக்கி இருந்ததைத் தன் கண்ணால் பார்த்த அந்தப் பையன், அது கனவாகத்தான் இருக்க வேண்டும் என்று தன்னையே நம்பவைத்துக்கொள்கிறான்.