மேயர் சத்தியமூர்த்தியும் நம் பாலாற்றுத் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை மேயராக இருந்த ஒருவரைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. தீரர் சத்தியமூர்த்தி மேயராக இருந்தது ஒரே ஒரு வருஷம். அந்த வருஷத்தில் அவர் முயன்று கொண்டுவந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்கு நம் பழைய வட ஆர்க்காட்டுத் தண்ணீரும் போகிறது. இதைத்தான் பேச வந்தேன்.

சென்னை மாநகராட்சி 1688-இல் ஏற்பட்டது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் என்ற வெள்ளைக்காரர். அப்புறம் நெடுங்காலம் மேயர் பட்டமே இல்லாமல் இருந்து, 1933-இல்தான் திரும்ப வந்தது. அப்போது மேயரானவர் ராஜா சர் முத்தையா செட்டியார். அந்த வரிசையில் 1939-இல் வந்தவர் சத்தியமூர்த்தி. 1887-இல் புதுக்கோட்டைச் சீமையில் திருமயத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர், சட்டசபையில் எழுந்தால் சர்க்கார் தரப்பு தடுமாறும். அவருடைய பேச்சைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியே கேட்டிருப்பீர்கள். நான் நேரே தண்ணீருக்கு வருகிறேன்.

அவர் பதவியேற்ற நேரத்தைப் பாருங்கள். செப்டம்பரில் உலகப் போர் தொடங்கிவிட்டது. இந்தியாவைக் கேட்காமலேயே போரில் இழுத்துவிட்டார்கள் என்று அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. ஊரிலோ குடிக்கத் தண்ணீர் இல்லை. புழலும் சோழவரமும் பெருகிவிட்ட நகரத்துக்குப் போதவில்லை. குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தத் தவிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. புதிய நீர்த்தேக்கம் வேண்டும். அதற்குக் கவர்னர் சம்மதிக்க வேண்டும். தன் கட்சி எந்த ஆட்சியை எதிர்த்து வெளியேறியதோ, அதே ஆட்சியின் கவர்னரிடம் போய் நிற்க வேண்டும். அவர் போனார். கவர்னர் ஆர்தர் ஹோப்பை இணங்க வைத்து, 1940 ஆகஸ்டில் அவர் கையாலேயே பூண்டிக்கு அடிக்கல் நாட்ட வைத்தார். போர்க் காலத்தில், ஒரு வருஷப் பதவியில்! வீம்பு பார்த்திருந்தால் அந்த வருஷம் சும்மா போயிருக்கும். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு காரியத்தைத்தான்.

சரி, நம் ஊருக்கு இதில் என்ன பங்கு? வாலாஜாவுக்குப் பக்கத்தில் பாலாற்றின் குறுக்கே 1858-இல் கட்டிய அணைக்கட்டு இருக்கிறதல்லவா, அங்கிருந்து ஒரு கால்வாய் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. பல்லவர் காலத்து ஏரி. மூன்றாம் நந்திவர்மன் வெட்டியது என்பார்கள். அது நிரம்பி கோடி போகும் நாளில், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் நாளில், பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லின் மேல் கண்ணாடிபோல வழுக்கி வந்து, தாண்டியதும் நுரைத்து விழும். பெண்கள் மஞ்சள் குங்குமம் தூவிக் கற்பூரம் ஏற்றுவார்கள். கீழே பையன்கள் துண்டை விரித்து மீனுக்குக் காத்திருப்பார்கள். அந்தக் கோடித் தண்ணீர்தான் கொசஸ்தலை ஆற்றில் சேருகிறது. தக்கோலம் பக்கம் கேசவரம் அணைக்கட்டில் ஒரு கிளை கூவமாகப் பிரிந்துவிடும். ஆமாம், சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடிக்கிற கூவம்தான். இங்கே அது நல்ல தண்ணீர். மற்றது நேரே பூண்டிக்குப் போகிறது. பூண்டியிலிருந்து சோழவரம், புழல், அப்புறம் சென்னைக் குழாய்.

ஆகவே, பூண்டித் தண்ணீர் பூண்டியில் ஆரம்பிக்கவில்லை. இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதைப் பார்த்தோம். அதற்கு முந்தைய எத்தனையோ வருஷங்கள் மணலைத்தானே பார்த்தோம்? வரத்துக் கால்வாயில் முள்ளும் குப்பையும் அடைத்துக் கிடந்தால் ஆறு வந்தாலும் ஏரிக்கு வராது. ஏரி நிரம்பாவிட்டால் கோடி போகாது. நம் வயலும் காயும், பூண்டிக்கும் அந்த அளவு குறையும். பூண்டித் தண்ணீர் பூண்டியில் ஆரம்பிக்கவில்லை என்று திரும்பவும் சொல்கிறேன்.

இன்னொரு வேலூர்ச் சம்பந்தம் அவருடைய சிஷ்யர் காமராஜர். 1940-இல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். குருநாதர் அவருக்குக் கீழே செயலாளர். ஊருக்கே மேயர், கட்சியில் சிஷ்யனுக்குச் செயலாளர்! அந்த வருஷக் கடைசியில் காமராஜர் கைதாகி நம் வேலூர் மத்திய சிறைக்கு வந்தார். தொரப்பாடி வழியாகப் போகிறவர்கள் அந்த மதிலைப் பார்த்திருப்பீர்கள். அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டது. விடுதலையானதும் நேரே விருதுநகர் போனார். நாற்காலியில் உட்காரவா? ராஜினாமா கொடுக்க! முழுக் கவனமும் தர முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். குரு, கிடைத்த ஒரு வருஷத்தை ஊர்த் தண்ணீருக்குச் செலவழித்தார். சிஷ்யர், நேரம் தர முடியாது என்று தெரிந்ததும் பதவியைத் தொடவே இல்லை. எனக்கு இரண்டும் ஒரே பாடமாகத்தான் தெரிகிறது. இன்றைக்கு வேலூரும் மாநகராட்சி, 2008-இலிருந்து நமக்கும் மேயர் உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொன்னேன்.

அடிக்கல் நாட்டி இரண்டு வருஷம் கழித்து, அதே ஆகஸ்ட் மாதம், வெள்ளையனே வெளியேறு தீர்மானம். பம்பாயிலிருந்து திரும்பும்போது போலீஸ் காத்திருந்தது. காமராஜர் அரக்கோணத்தில் இறங்கி ராணிப்பேட்டைக்கு நழுவிவிட்டார். அங்கிருந்து ஊர் ஊராகப் போய், ஆக வேண்டிய வேலையை முடித்துவிட்டுத்தான் பிடிபட்டார். சத்தியமூர்த்தி கைதானார். அமராவதி சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் முதுகுத்தண்டில் அடிபட்டது. அதிலிருந்து அவர் தேறவில்லை. 1943 மார்ச் 28-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். பூண்டி திறந்தது 1944-இல். தண்ணீர் வந்ததை அவர் பார்க்கவில்லை. சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயர்தான் அதற்கு இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். அவருடைய நாடக ஆசையைப் பற்றிக் குறித்து வைத்திருந்தேன். சுகுண விலாச சபையில் அவரே வேஷம் கட்டி நடித்தவர். இன்று பரதநாட்டியம் என்கிறோமே, அதன் பழைய வடிவமான சதிர் ஆட்டத்தையே ஒழித்துவிட வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, அந்தக் கலை பிழைக்க வேண்டும் என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம். நன்றி, வணக்கம்.